கவிதையால் என்ன பயன்? மறுமலர்ச்சிக் கால இலக்கியக் கோட்பாடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவில் கவிதையின் மதிப்பைப் பற்றி எழுந்த வாதங்களைப் படிக்கத் தொடங்குவோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது. 14ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தொடங்கிய இந்த விவாதம் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்து வரை நீண்டது. ஆங்கிலக் கவிஞர் சர் ஃபிலிப் சிட்னிக்கு இங்கே கூடுதல் இடம் தந்திருக்கிறேன். மற்றவர்கள் பல இடங்களில் சிதறலாகச் சொன்னவற்றை ஒரே வாதமாகக் கோத்து, அதற்கு ஒரு மையத்தையும் கொடுத்தவர் அவர்.

கவிதைக்குப் பயன் உண்டா என்ற கேள்வி அக்காலத்தில் ஏன் அவ்வளவு பெரிதாக எழுந்தது?

கேள்வியின் வேர் பிளேட்டோவிடம் இருக்கிறது. அவருடைய 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதி, கவிதை உண்மையிலிருந்து மும்மடி விலகிய போலி என்றும், அடக்கப்பட வேண்டிய உணர்ச்சிகளுக்கு அது நீரூற்றி வளர்க்கிறது என்றும் கூறி, கடவுளரையும் சான்றோரையும் போற்றும் பாடல்களைத் தவிர மற்றவற்றை இலட்சிய நகரத்திலிருந்து விலக்குகிறது. ஆனால் அதே இடத்தில் ஓர் அழைப்பும் இருக்கிறது: கவிதையை நேசிப்பவர்கள், தாங்கள் கவிஞர்களாக இல்லாவிட்டாலும், அது இனிமையானது மட்டுமன்றி மனித வாழ்வுக்கும் ஆட்சிக்கும் பயனுடையது என்று உரைநடையில் எடுத்துக்காட்டுவார்களானால் மகிழ்ச்சியோடு செவிமடுப்போம் என்று அந்த உரையாடல் நூலில் பேசும் சாக்ரட்டீஸ் சொல்கிறார். மறுமலர்ச்சிக் காலத்தின் கவிதைத் தற்காப்பு நூல்கள் பலவும், நேராகவோ மறைமுகமாகவோ, இந்த அழைப்புக்குத் தரப்பட்ட விடைகளே.

அந்த நூற்றாண்டுகளுக்கே உரிய நெருக்கடிகளும் இருந்தன. பல்கலைக்கழகங்களில் இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய மூன்று துறைகளே உயர்ந்தவையாக மதிக்கப்பட்டன. அவற்றைக் கற்றவர்கள் கவிதையை வேலையற்றோரின் பொழுதுபோக்காகக் கருதினர். துறவியர் சிலருக்குப் பழைய கிரேக்க, ரோமானியக் கவிதை பொய்த் தெய்வங்களின் கதையாகத் தெரிந்தது. மறுபுறம் இலக்கணம், பேச்சுக்கலை, கவிதை, வரலாறு, ஒழுக்கவியல் என்ற ஐந்தையும் சேர்த்து ஒரு புதிய கல்வியை மனிதநேய அறிஞர்கள் கட்டியெழுப்பிக் கொண்டிருந்தார்கள். ரோமானியக் கவிஞர்களான வெர்ஜிலையும் டெரன்ஸையும் சிறுவர்களுக்கு ஏன் கற்பிக்க வேண்டும் என்று பெற்றோரும் திருச்சபை ஆயர்களும் கேட்டபோது அவர்களிடம் விடை இருந்தாக வேண்டியிருந்தது.

'கவிதை' என்று அவர்கள் எதைக் குறித்தார்கள்?

காப்பியம், நாடகம், தன்னுணர்ச்சிப் பாடல், மேய்ப்பர் வாழ்வைப் பாடும் ஆயர் பாடல் அனைத்தும் அதில் அடங்கும். சிட்னி போன்றோர் இன்னும் ஒரு படி மேலே சென்று, யாப்பு கவிதையின் அணிகலனே தவிர உயிரன்று என்றனர். ஆகவே கிரேக்க எழுத்தாளர் செனொஃபோன் உரைநடையில் எழுதிய பாரசீக மன்னன் சைரஸின் கதையும் சிட்னியின் கணக்கில் கவிதைதான். கற்பனையால் ஆக்கப்பட்ட மனிதர்களையும் செயல்களையும் கண்முன் நிறுத்தும் எழுத்து எதுவாயினும் கவிதை எனக் கொண்டால், அந்நூல்களில் வரும் வாதங்கள் இன்றைய நாவலுக்கும் பொருந்துவதைக் காணலாம்.

முதலில் வாதாடியவர்கள் யார்?

பாதுவா நகரத்தின் அல்பெர்ட்டினோ முசாட்டோ 1315இல் கவிஞராக முடிசூட்டப்பட்டவர். கவிதை இறையியலுக்கு உறவுடையது என்று ஒரு டொமினிக்கத் துறவியோடு வாதிட்டார். 1341 ஏப்ரல் 8 அன்று ரோமின் கேப்பிட்டோல் குன்றில் இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கிற்கு வாகைமாலை சூட்டப்பட்டது. அன்று அவர் ஆற்றிய உரை பண்டை ரோமின் பேச்சாளர் சிசெரோவின் ஒரு பழைய நீதிமன்றப் பேச்சிலிருந்து வலிமை பெற்றது. ஆர்க்கியஸ் என்ற கவிஞனுக்காகச் சிசெரோ வாதாடிய அந்தப் பேச்சின் படியை பெட்ரார்க்கே 1333இல் லீஜ் நகரில் கண்டெடுத்திருந்தார்.

அதே பெட்ரார்க் பின்னர், போப்பாண்டவரின் மருத்துவர் ஒருவருக்கு எதிராகக் கடுமையான கண்டன நூல் ஒன்றை எழுதினார். கவிதை தேவையற்றது என்ற குற்றச்சாட்டுக்கு அவர் தந்த விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. தேவைதான் உயர்வுக்கு அளவுகோல் என்றால் செருப்புத் தைப்பவரும் ரொட்டி சுடுபவரும் மருத்துவரைவிட உயர்ந்தவர்கள் ஆகிவிடுவார்களே என்று அவர் திருப்பிக் கேட்டார். அதாவது, பயன் என்ற தராசையே அவர் கேள்விக்குள்ளாக்கினார். பின்வந்தவர்களில் பலர் அந்தத் தராசை ஏற்றுக்கொண்டு, கவிதையின் எடையைக் கூட்டிக் காட்ட முயன்றார்கள்.

இத்தாலிய எழுத்தாளர் பொக்காச்சியோ தம் 'புறச்சமயக் கடவுளரின் வம்சாவளி' என்ற பெரும் இலத்தீன் நூலின் 14, 15ஆம் பகுதிகளைக் கவிதையின் தற்காப்புக்கே ஒதுக்கினார். கவிஞர்கள் ஏழைகள், ஆகவே அவர்கள் கலை பயனற்றது என்று சொன்ன வழக்கறிஞர்களுக்கு அதில் சூடான பதில் உண்டு. கவிதை உண்மையின் மேல் போர்த்திய திரை என்பது அவருடைய அடிப்படை வாதம். எளிதில் கிடைத்தால் இகழப்படும் பொருளை உழைத்துத் தேடிப் பெறும்போது மனம் அதனைப் போற்றி வைத்துக்கொள்ளும் என்றார். பைபிளில் மரங்கள் தமக்கு அரசனைத் தேடும் கதையையும் இயேசுவின் உவமைக் கதைகளையும் சுட்டிக்காட்டி, கதை சொல்வதே பாவம் என்றால் அந்தப் பாவம் மறைநூலையும் சேருமே என்று வாதிட்டார்.

அரிஸ்டாட்டிலின் 'கவிதையியல்' எப்போது இந்த விவாதத்துக்குள் வந்தது?

வியப்பூட்டும் அளவுக்குத் தாமதமாகத்தான் வந்தது. ஜார்ஜோ வல்லாவின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1498இல் வெனிஸில் அச்சானது. கிரேக்க மூலம் 1508இல் ஆல்டஸ் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. பாஸ்ஸியின் இலத்தீன் மொழிபெயர்ப்பு 1536இல் வந்த பிறகே நூல் பரவலாகப் படிக்கப்பட்டது. 1548இல் ரொபோர்டெல்லோவின் விரிவுரையும் 1550இல் மாஜ்ஜி, லொம்பார்டி இருவரின் விரிவுரையும் வெளிவர, அடுத்த அரை நூற்றாண்டுக்கு இத்தாலியில் இலக்கியக் கோட்பாடு என்றாலே அரிஸ்டாட்டிலின் வரிகளைப் பற்றிய வாதம் என்றாகிவிட்டது.

தற்காப்பாளர்களுக்கு அந்நூலில் கிடைத்த பெரும் ஆயுதம் ஒன்பதாம் அத்தியாயம். நடந்ததைச் சொல்வது வரலாறு, நடக்கக்கூடியதைச் சொல்வது கவிதை; ஆகையால் கவிதை வரலாற்றைவிட மெய்யியல் தன்மை மிக்கது, மேலானது என்று அரிஸ்டாட்டில் அங்கே கூறுகிறார். பிளேட்டோவின் மாணவரே இதைச் சொல்லியிருப்பது கவிதைப் பக்கத்துக்குப் பெரும் பலமாக இருந்தது.

'இன்பமும் பயனும்' என்ற கொள்கை எங்கிருந்து வந்தது?

ரோமானியக் கவிஞர் ஹோரஸிடமிருந்து. கவிஞர்கள் பயன்தர விரும்புகிறார்கள் அல்லது இன்புறுத்த விரும்புகிறார்கள், இனியதோடு பயனுள்ளதைக் கலந்தவனே எல்லா வாக்குகளையும் பெறுகிறான் என்ற அவருடைய வரிகளை அக்காலத்தில் பள்ளிச் சிறுவர்களும் அறிந்திருந்தனர். ஹோரஸ் அதனை ஒரு தொழில் அறிவுரையாகச் சொன்னார்: முதியோர் பயனைக் கேட்பர், இளையோர் இனிமையைக் கேட்பர், இரண்டையும் கொடுத்தால் நூல் விலைபோகும். மறுமலர்ச்சிக் கால விரிவுரையாளர்கள் அதனை ஓர் அறநெறிச் சட்டமாக மாற்றினார்கள். 1561இல், ஆசிரியர் மறைந்த பின் வெளியான அறிஞர் ஸ்கேலிஜரின் ஏழு பகுதிக் கவிதையியல் நூல், இன்பத்தோடு கற்பிப்பதே கவிதையின் குறிக்கோள் என்கிறது.

இதற்கு அக்காலத்தார் பெரிதும் விரும்பிய உவமை ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸுடையது. கசப்பு மருந்தைக் குழந்தைக்குக் கொடுக்கும் மருத்துவர் கிண்ணத்தின் விளிம்பில் தேன் தடவுவதுபோல், கடினமான தத்துவத்தின் மேல் தாம் கவிதையைத் தடவுவதாக அவர் சொன்னார். இத்தாலியக் கவிஞர் டாஸ்ஸோ தம் 'விடுவிக்கப்பட்ட ஜெருசலேம்' காப்பியத்தின் முதல் காண்டத்திலேயே இவ்வுவமையை எடுத்தாள்கிறார்.

எளிதில் மனத்தில் பதியும் இந்த உவமை கவிதைக்கு நியாயம் செய்யவில்லை என்றே நான் கருதுகிறேன். இதன்படி மருந்து தனி, தேன் தனி. குழந்தை வளர்ந்து நேரடியாக மருந்தைக் குடிக்கப் பழகிவிட்டால் தேனுக்கு வேலை இல்லை. அதுபோல அறிவு முதிர்ந்தவர்க்குக் கவிதை தேவையில்லை என்றாகிவிடும். மறுமலர்ச்சிக் காலத்தின் சிறந்த சிந்தனை இந்த இடத்தைத் தாண்டிச் சென்றது.

எப்படித் தாண்டியது?

சிசெரோ நல்ல பேச்சாளனுக்கு மூன்று கடமைகளை வகுத்திருந்தார்: கற்பித்தல், இன்புறுத்தல், நெஞ்சை அசைத்தல். இத்தாலிய அறிஞர் மின்டுர்னோ 1559இல் வெளியிட்ட நூலில் இம்மூன்றையும் கவிஞனுக்கு உரியவையாக்கினார். மூன்றாவது கடமை உள்ளே வந்தவுடன் வாதத்தின் அமைப்பே மாறிவிட்டது. அறிவைத் தருவதோடு நில்லாமல், அறிந்தபடி நடக்க ஒருவனைத் தூண்டுவதும் கவிதையின் வேலை என்று ஆயிற்று. இந்த விதையை மரமாக வளர்த்தவர் சிட்னி.

சிட்னி தம் தற்காப்பு நூலை எந்தச் சூழலில் எழுதினார்?

1576இல் லண்டனுக்கு வெளியே ஷோர்டிச்சில் ஜேம்ஸ் பர்பேஜ் 'தியேட்டர்' என்ற நாடக அரங்கைக் கட்டினார். மக்கள் திரண்டார்கள், கண்டனங்களும் திரண்டன. முன்பு தாமே நாடகம் எழுதிய ஸ்டீஃபன் காஸன் 1579இல் 'சீர்கேட்டின் பள்ளி' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு சிறு நூலை வெளியிட்டு, கவிஞர்களையும் நடிகர்களையும் நாட்டை அரிக்கும் புழுக்கள் என்று தாக்கினார். அதனைச் சிட்னிக்கே காணிக்கையாக்கினார். தாமஸ் லாட்ஜ் உடனே மறுப்பு எழுதினார். சிட்னி காஸனின் பெயரைச் சொல்லவே இல்லை. ஆனால் ஏறத்தாழ 1580 வாக்கில் அவர் எழுதிய 'கவிதையின் தற்காப்பு', காஸன் போன்றோர் எழுப்பிய குற்றச்சாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து விடை சொல்கிறது. சிட்னி 1586இல், 31 வயதில், நெதர்லாந்துப் போரில் பட்ட காயத்தால் இறந்தார். நூல் 1595இல் இரண்டு பதிப்பாளர்களால் இரண்டு தலைப்புகளில் அச்சிடப்பட்டது.

சிட்னியின் மைய வாதம் என்ன?

எல்லாக் கல்வியின் இறுதி நோக்கமும் நன்மையை அறிவதோடு நின்றுவிடாமல் நன்மையைச் செய்வதே என்ற இடத்திலிருந்து அவர் தொடங்குகிறார். அப்படியானால் மனிதனை நற்செயலுக்கு அதிகமாக இட்டுச்செல்லும் துறை எதுவோ அதுவே முதலிடத்துக்கு உரியது. அந்த இடத்துக்குப் போட்டியிடுபவர்கள் மூவர்: மெய்யியலாளர், வரலாற்றாசிரியர், கவிஞர்.

மெய்யியலாளர் அறத்தின் இலக்கணத்தைச் சொல்கிறார். ஆனால் அவருடைய சொற்கள் பொதுவானவையாகவும் கடினமானவையாகவும் இருப்பதால், முன்பே கற்றவர்களுக்குத்தான் அவை புரிகின்றன. யானையையோ காண்டாமிருகத்தையோ ஒருநாளும் பார்த்திராத ஒருவனுக்கு அதன் வடிவம், நிறம், பருமன் அனைத்தையும் சொல்லால் விவரித்தாலும் அவன் மனத்தில் விலங்கு உருவாகாது. நல்ல ஓவியம் ஒன்றைக் காட்டினால் உடனே உருவாகிவிடும் என்கிறார் சிட்னி. வரலாற்றாசிரியரிடம் எடுத்துக்காட்டுகள் உண்டு. ஆனால் நடந்ததோடு கட்டுண்டவர் அவர். சாக்ரட்டீஸும் ஏதன்ஸின் தளபதி ஃபோசியனும் குற்றவாளிகளைப் போலக் கொல்லப்பட்டதையும், கொடியவர்கள் செழித்து வாழ்ந்ததையும் அவர் அப்படியே எழுதியாக வேண்டும். அதைப் படிப்பவன் அறத்தின் மேல் நம்பிக்கை இழக்கவும் கூடும். கவிஞரோ மெய்யியலாளரின் பொதுக் கருத்தை ஒரு மனிதனுக்குள், ஒரு செயலுக்குள் வைத்துக் காட்டுகிறார். பேசும் ஓவியமாக அது நிற்கிறது.

இதுவரை சொன்னது தெளிவைப் பற்றிய வாதம். இதற்கு அடுத்ததையே நான் சிட்னியின் உண்மையான பங்களிப்பாகக் கருதுகிறேன். நம் அறிவு நிமிர்ந்து நின்று முழுமை எது என்பதைக் காண்கிறது, ஆனால் நோயுற்ற நம் விருப்பாற்றல் அதனை எட்டவிடாமல் தடுக்கிறது என்று அவர் ஓரிடத்தில் சொல்கிறார். இதில் சீர்திருத்தக் கிறித்தவத்தின் மனித இயல்பு பற்றிய பார்வை தெளிவாகத் தெரிகிறது. அறியாமை மட்டுமே நோயாக இருந்தால் மெய்யியல் போதும். அறிந்தும் செய்ய மாட்டாமைதான் நோய் என்றால், விருப்பத்தைத் தொட்டு அசைக்கும் ஏதோ ஒன்று வேண்டும். முதிய தந்தை அன்கைஸீஸைத் தோளில் சுமந்து எரியும் டிராய் நகரை விட்டு வெளியேறும் வெர்ஜிலின் காப்பியத் தலைவன் ஈனியஸைப் படிக்கும் எவர்தான் அத்தகைய செயல் தமக்கும் வாய்க்க வேண்டும் என்று விரும்பமாட்டார் என்று அவர் கேட்கிறார். தந்தையைப் பேண வேண்டும் என்பது படிப்பவர்க்கு முன்பே தெரியும். வெர்ஜிலின் காட்சி அந்த அறிவை ஆசையாக மாற்றுகிறது. ஆகவே இங்கே இன்பம் மருந்தின் மேல் பூசிய பூச்சாக இல்லை, வேலை செய்யும் மருந்தே இன்பம்தான். சைரஸ் என்ற ஒரு நல்ல மன்னனைப் படைப்பதோடு கவிஞன் நிற்பதில்லை, படிப்பவர்கள் வழியே பல சைரஸ்களை உலகுக்குத் தருகிறான் என்று சிட்னி சொல்வதும் இந்தப் பொருளில்தான்.

கவிஞர்கள் பொய்யர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு என்ன விடை தரப்பட்டது?

பொய் என்பது பொய்யானதை உண்மை என்று உறுதிப்படுத்துவது. கவிஞன் எதையும் அப்படி உறுதிப்படுத்துவதில்லை, ஆகவே அவன் பொய் சொல்வதில்லை என்பது சிட்னியின் விடை. வானியலாளரும் மருத்துவரும் வரலாற்றாசிரியரும் உறுதியாகச் சொல்லிப் பலமுறை தவறுகிறார்கள். நாடக மேடையில் ஒரு பழைய கதவின் மேல் தீப்ஸ் என்று பெரிய எழுத்தில் எழுதியிருப்பதைக் கண்டு, அது தீப்ஸ் நகரமே என்று எந்தக் குழந்தையாவது நம்புமா என்று அவர் கேட்கிறார். புனைவு தனக்கே உரிய ஒழுங்கில் இயங்குகிறது, மெய் பொய் என்ற கட்டளைக் கல்லில் அதனை உரசுவது பொருந்தாது என்ற எண்ணம் அன்று இவ்வளவு தெளிவாக வேறெங்கும் சொல்லப்பட்டதாகத் தெரியவில்லை.

கவிதை ஒழுக்கத்தைக் கெடுக்கிறது என்பதற்கு?

கெடுக்கக்கூடும் என்று சிட்னி ஒப்புக்கொள்கிறார். வாளால் தந்தையைக் கொல்லலாம், அதே வாளால் நாட்டையும் காக்கலாம். ஒன்றைத் தவறாகப் பயன்படுத்தினால் எவ்வளவு கேடு விளையுமோ, சரியாகப் பயன்படுத்தினால் அவ்வளவு நன்மை விளையும். தம் காலத்து ஆங்கில நாடகங்கள் பலவற்றை அவரே கடுமையாகக் குறைகூறினார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பிளேட்டோவின் அதிகாரத்தை எப்படி எதிர்கொண்டார்கள்?

பெரும்பாலும் மரியாதையோடு. பிளேட்டோவின் உரையாடல்களே கற்பனைக் காட்சிகளால் ஆனவை, அவற்றின் உடல் மெய்யியல் என்றாலும் தோலும் அழகும் கவிதை என்றார் சிட்னி. கடவுளரைப் பற்றிய தவறான கருத்துகளைப் பரப்பியவர்களைத்தான் பிளேட்டோ விலக்கினார், கவிதையை அன்று என்றும் வாதிட்டார். இரண்டாவது வாதம் பலவீனமானது. உணர்ச்சியைத் தூண்டுவதையே பிளேட்டோ குறை சொன்னார். சிட்னியோ உணர்ச்சியைத் தூண்டுவதையே கவிதையின் பெருமையாகச் சொல்கிறார். இந்த மோதலை அவர் நேராகச் சந்தித்திருந்தால் நூல் இன்னும் ஆழமாக இருந்திருக்கும்.

துன்பியல் நாடகத்துக்குத் தனிப் பயன் உண்டு என்றார்களா?

ஆம். இரக்கத்தையும் அச்சத்தையும் எழுப்பி அவற்றைத் தூய்மைப்படுத்துவது துன்பியல் என்ற அரிஸ்டாட்டிலின் ஒற்றை வரிக்கு இத்தாலியர்கள் எழுதிய விளக்கங்கள் ஒரு நூலகத்தை நிரப்பும். துன்பக் காட்சிகளுக்குப் பழகிய மனம் சொந்தத் துன்பத்தைத் தாங்கும் வலிமை பெறுகிறது என்றனர் ஒரு சாரார். மருத்துவர் உடலின் நச்சு நீரை வெளியேற்றுவதுபோல நாடகம் மிகை உணர்ச்சியை வெளியேற்றுகிறது என்றனர் மற்றொரு சாரார்.

சிட்னி இதற்கு ஒரு பழைய கதையைச் சான்றாகத் தருகிறார். பண்டைக் கிரேக்கத்தின் ஃபெரே நகரத்துக் கொடுங்கோலன் அலெக்சாண்டர் எண்ணற்றோரை இரக்கமின்றிக் கொன்றவன். ஆனால் ஒரு துன்பியல் நாடகம் அவன் கண்களில் நீரை வரவழைத்தது, அவன் அரங்கைவிட்டு வெளியேறினான். அவன் திருந்தியதாகக் கதை சொல்லவில்லை, சிட்னியும் சொல்லவில்லை. தன் நெஞ்சை இளக்கக்கூடிய ஒன்றிடமிருந்து அவன் விலகி ஓடினான் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். தம் வாதத்தின் எல்லையைத் தாமே காட்டும் இந்த நேர்மை அந்த நூலின் மீது எனக்குள்ள மதிப்பை உயர்த்துகிறது.

எல்லோரும் பயனைத்தான் வலியுறுத்தினார்களா?

இல்லை. லொடோவிக்கோ காஸ்டெல்வெட்ரோ 1570இல் வியன்னாவில் வெளியிட்ட அரிஸ்டாட்டில் உரையில், கவிதை இன்புறுத்துவதற்காகவே, அதிலும் கல்லாத பொதுமக்களின் மனத்தை இன்புறுத்துவதற்காகவே தோன்றியது என்று எழுதினார். சமய விசாரணை மன்றத்தின் தண்டனையிலிருந்து தப்பி நாடுவிட்டு நாடு அலைந்தவர் அவர். அறிவியல் நுட்பங்கள் மக்களுக்கு விளங்காதவை, ஆகவே அவை கவிதையின் பொருளாகா என்றார். நாடகக் கதை ஒரு நாளுக்குள் முடிய வேண்டும் என்பதற்கும் அவர் சொன்ன காரணம் பார்வையாளர்களின் உடல்: உணவும் உறக்கமும் இன்றி அவர்கள் எவ்வளவு நேரம்தான் அமர்ந்திருப்பார்கள்? கவிதையைப் பார்வையாளரின் பக்கத்திலிருந்து பார்த்த இந்தத் துணிவு அரியது. எனினும் இன்பம் ஒருவரை என்னவாக மாற்றுகிறது என்ற கேள்வியை அவர் எடுக்கவில்லை.

மருத்துவரும் கவிஞருமான ஃபிராகாஸ்டோரோ வேறொரு வழியில் சென்றார். 1555இல் வெளியான அவருடைய உரையாடல் நூலின்படி, மற்றவர்கள் ஒரு பொருளைத் தத்தம் நோக்கத்துக்கு வேண்டிய அளவே பேசுகிறார்கள். கவிஞன் ஒருவனே அப்பொருளை அதன் முழு அழகோடு பேசுகிறான்.

பயன் என்ற கோரிக்கை கவிஞர்களுக்குச் சுமையாக இருந்ததா?

சிலருக்கு நிச்சயமாக இருந்தது. ஆங்கிலக் கவிஞர் ஸ்பென்சர் 1590இல் வெளியான தம் 'தேவதை அரசி'யோடு சேர்த்த கடிதத்தில், ஒரு மேன்மகனை அறத்திலும் ஒழுக்கத்திலும் உருவாக்குவதே நூலின் நோக்கம் என்று வால்டர் ராலேவுக்கு எழுதினார். அவருக்கு அது இயல்பாகவே பொருந்தியது. டாஸ்ஸோவின் நிலை வேறு. கத்தோலிக்கத் திருச்சபை தன் கட்டுப்பாடுகளை இறுக்கிய டிரெண்ட் பொதுச்சங்கத்துக்குப் பிந்திய இத்தாலியில், காதலும் மந்திரமும் நிறைந்த தம் காப்பியத்தை எதிர்ப்பாளர்களிடமிருந்து காக்க அவர் அதற்கு, கதைக்குள் மறைபொருள் காட்டும் ஓர் உருவக விளக்கம் எழுதினார். ஆனால் காப்பியத்தைத் தொடங்கியபோது உருவகம் பற்றிய எண்ணமே தமக்கு இல்லை என்று 1576இல் ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். பின்னர் முழுக் காப்பியத்தையும் திருத்தி 1593இல் வேறு பெயரில் வெளியிட்டார். இன்று மக்கள் விரும்பிப் படிப்பது பழைய வடிவத்தையே.

இந்த விவாதம் எப்படி முடிந்தது?

முடியவில்லை, திசை மாறியது. ஆங்கில மெய்யியலாளர் ஃபிரான்சிஸ் பேக்கன் 1605இல் கவிதையைப் புனையப்பட்ட வரலாறு என்று வகைப்படுத்தி, உலகம் தர மறுக்கும் நிறைவின் நிழலை அது மனத்துக்குத் தருகிறது என்றார். பாராட்டுபோல் தொடங்கும் இந்தக் கருத்து ஒரு பிரிவினையில் முடிகிறது: அறிவு மனத்தை உலகின் இயல்புக்குப் பணியவைக்கும், கவிதை உலகின் தோற்றங்களை மன விருப்பத்துக்கு வளைக்கும். நற்செயலுக்கு இட்டுச்செல்வது எது என்ற சிட்னியின் கேள்வி, மெய்யான அறிவைத் தருவது எது என்ற கேள்வியின் பின்னால் இங்கே தள்ளப்பட்டுவிட்டது.

எந்த நூலிலிருந்து படிக்கத் தொடங்கலாம்?

முதலில் 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியைப் படிப்பது நல்லது. எதிர்த்தரப்பின் வலிமை தெரியாமல் தற்காப்பைப் படித்தால் அது வெறும் புகழுரையாகத் தோன்றும். அடுத்து சிட்னி. அவருடைய நூல் சிறியது, ஒரு நாளில் படித்து முடிக்கலாம். குதிரையேற்றம் கற்பித்த ஓர் இத்தாலிய ஆசிரியரைப் பற்றிய கலகலப்பான பேச்சோடு தொடங்குவதால் தயக்கமின்றி உள்ளே நுழையலாம். பிறகு பொக்காச்சியோவின் அந்த இரண்டு பகுதிகள். அரிஸ்டாட்டிலின் மூலத்தைப் படித்து முடித்த பின்பே காஸ்டெல்வெட்ரோவை எடுங்கள். மூலத்தோடு அவர் எந்தெந்த இடங்களில் முரண்படுகிறார் என்பது அப்போதுதான் விளங்கும்.